பயண ஆசிரியருக்கு ஒரு வழித்துணை

சங்கரன்கோவிலை அடுத்த ராயகிரி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பேரூர். அவ்வூரையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் போன்ற பகுதிகளில், ஏதேனும் ஒரு பள்ளியில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு குழந்தை இருக்கும். அடுத்த பள்ளியில் அப்படி யாரும் இரார். அதற்கடுத்த ஊரில் இன்னொரு குழந்தை, வேறு வயதில், வேறு வகைக் குறைபாட்டுடன் இருக்கும். இவ்வாறு சிதறிக் கிடக்கும் குழந்தைகளை ஓரிடத்தில் கூட்ட இயலாது என்பதால் ஆசிரியரே அவர்களைத் தேடிச் செல்கிறார். அரசு ஆவணங்கள் அவரைச் சிறப்புப் பயிற்றுநர் என்கின்றன. கல்வியாளர்கள் பயண ஆசிரியர் என்கின்றனர். பெற்றோருக்கு அவர் 'பிரெய்லி டீச்சர்'. வட்டார வள மையத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்கும் அவருக்கென்று ஒரு வகுப்பறை கிடையாது, கரும்பலகை கிடையாது, ஆசிரியர் அறையில் நிலையான ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

இப்பணியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தபின், புதிதாகச் சேர்வோருடன் பள்ளிகளுக்குச் சென்றுவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களிடம் குறைவுபடுவது படிப்பன்று, துணை என்பதே என் துணிபு.

நெல்லைச் சீமைக்கு இக்கல்வி புதிதன்று. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி, இந்தியாவின் மிகப் பழைமையான பார்வையற்றோர் பள்ளிகளுள் ஒன்று. விடுதியுடன் கூடிய அத்தகைய பள்ளியில் புதிய ஆசிரியர் தனியராவதில்லை. ஐயம் எழுந்தால் பக்கத்து வகுப்புக்குப் போய்க் கேட்கலாம். முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் கையைப் பிடித்துக் காட்டுவார். 1974-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்குப் பிறகு குழந்தைகள் படிப்படியாகத் தம் ஊர்ப் பள்ளிகளிலேயே சேர்ந்தனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விரும்பினால் அருகமைப் பள்ளியிலேயே இலவசமாகப் படிக்கும் உரிமையை 6 முதல் 18 வயது வரை அவர்களுக்கு உறுதிசெய்தது. குழந்தை தாய் தந்தையருடன் வளர்வது பெரும்பேறு. ஆனால் விடுதிப் பள்ளியில் ஆசிரியருக்குத் தானாகவே வாய்த்த அந்தப் பக்கத்து வகுப்பு, இம்மாற்றத்தில் சத்தமின்றித் தொலைந்துபோயிற்று.

பட்டயமோ பட்டமோ பெற்று வரும் இளம் ஆசிரியருக்கு பிரெய்லியின் ஆறு புள்ளிகள் தெரியும். எழுத்துப்பலகையில் எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்தவும் தெரியும். அதைப் பொதுப்பள்ளியின் முதல் வகுப்போடு எப்படி இசைப்பது என்பதுதான் சிக்கல். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'கொ' என்ற எழுத்தை வகுப்பாசிரியர், ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், அடுத்துத் துணைக்கால் என்று கற்பிக்கிறார். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லியிலோ கொம்பும் இல்லை, காலும் இல்லை. முதலில் ககரம், பின்னர் ஒகரம் என ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்து அமையும். மெய்யெழுத்தின் தலைமேல் நாம் வைக்கும் புள்ளி, பிரெய்லியில் எழுத்துக்கு முன்பாகவே வந்துவிடும். (சொல்லப்போனால், கொம்பை முன்னால் போட்டுப் பின்னால் ஒலிக்கும் நம் அச்செழுத்தைவிட இது நேரானது.) வகுப்பே 'கொம்பு, கால்' என்று கூவும்போது அக்குழந்தை குழம்பி மௌனமாகிறது; மந்தமான பிள்ளை என்று பெயர் வாங்குகிறது. வகுப்பாசிரியரிடம் கால் மணி நேரம் பேசினால் தீரும் இந்தச் சிக்கலை, முன்பே கண்டறிந்த ஒருவர் உடனிருந்தால் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடலாம். இல்லையேல் ஓராண்டு போய்விடும்.

இதைவிடக் கடினமானது குறைபார்வை. நாம் சந்திக்கும் குழந்தைகளில் முற்றிலும் பார்வையற்றோர் சிலரே. எஞ்சிய பார்வை உடையோரே மிகுதி. மருத்துவச் சான்றிதழில் உள்ள 6/60 என்ற எண், அக்குழந்தை எந்த வெளிச்சத்தில், எந்த இருக்கையில், எவ்வளவு பெரிய எழுத்தைப் படிக்கும் என்பதைச் சொல்லாது. நிறமிக் குறைபாட்டால் வெளிறிய கண்களையுடைய சிறுவனைச் சன்னலருகே உட்கார வைத்தால் கூசும் ஒளியில் இருக்கும் பார்வையும் பயன்படாது. அவனுக்கு முன்வரிசை மட்டும் போதாது, வெளிச்சம் முதுகுப்புறமிருந்து வரவேண்டும். விழித்திரை நிறமிச் சிதைவு நோயின் கதை வேறு. பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரியும். அத்தகைய சிறுமி பாடநூலின் சிறிய எழுத்தைப் படித்துவிடுவாள். எழுந்து நடக்கும்போது கண்ணெதிரே கிடக்கும் பையில் தடுக்கி விழுவாள். மாலை மங்கினால் தாயின் சேலையைப் பற்றிக்கொள்வாள். 'படிக்கத் தெரிகிறது, பை தெரியவில்லையா? நடிக்கிறாள்' என்று பள்ளி தீர்ப்பெழுதிவிடும். இத்தீர்ப்பைச் சுமந்த குழந்தைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் கண்டிருக்கிறேன். புதிய ஆசிரியர் நோயின் பெயரைத் தேர்வுக்குப் படித்தவர்தாம். ஆயினும் படித்த பெயரையும் எதிரே தடுக்கி விழும் சிறுமியையும் பொருத்திப் பார்க்கும் கண், பல குழந்தைகளைப் பார்த்த ஒருவரோடு நடந்தால்தான் விரைவில் திறக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் அதனினும் அரிதாக, கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பதும் அப்படித்தான். புதியவர் பெரும்பாலும் குழந்தையின் அருகில் அமர்ந்து, வகுப்பில் நடந்த பாடத்தையே மீண்டும் நடத்துகிறார். தலைமையாசிரியரும் அதையே எதிர்பார்க்கிறார். அது தனிப்பயிற்சி, பயண ஆசிரியரின் பணியன்று. வகுப்பாசிரியரால் கற்பிக்க இயலாதவை எவையோ அவையே அவருக்குரியவை. பிரெய்லி, மணிச்சட்டத்தில் கணக்கு, வெண்கோலுடன் நடமாட்டம், உருப்பெருக்கியையும் கைப்பேசியின் திரைவாசிப்பானையும் கையாளுதல், தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுதல், மற்றவரோடு பழகுதல் ஆகியவற்றை அமெரிக்கக் கல்வியாளர் ஃபில் ஹாட்லன் 1996-இல் 'விரிவாக்கப்பட்ட அடிப்படைப் பாடத்திட்டம்' எனத் தொகுத்தார். பார்வையுள்ள குழந்தை இவற்றுள் பாதியைக் கண்ணால் பார்த்தே கற்றுவிடுகிறது. பார்வையற்ற குழந்தைக்கு ஒருவர் கற்பித்தாக வேண்டும். மணிச்சட்டம் கற்றுத்தராமல் 'இவனுக்குக் கணக்கு வேண்டாம்' என்று இரக்கப்பட்டு விலக்களிக்கும் பள்ளிகள் உண்டு. அந்த இரக்கத்தால் மேல்நிலை வகுப்பின் சில கதவுகள் ஐந்தாம் வகுப்பிலேயே சாத்தப்படுகின்றன.

வெண்கோலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். எதிர்ப்பு பள்ளியிலிருந்து வருவதைவிட வீட்டிலிருந்தே மிகுதியாக வரும். மகள் கையில் கோலுடன் தெருவில் நடந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், நாளை பெண் கேட்டு யார் வருவார் என்று தாய் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பாடநூலில் விடை இல்லை. புதியவர் சட்டம், உரிமை என்று பேசத் தொடங்குவார்; கதவு மூடிக்கொள்ளும். முதல் சந்திப்பில் கோலை எடுத்துச் செல்வதேயில்லை என்பது என் வழக்கம். பள்ளிக்குள் மட்டும் சுவரைத் தொட்டும், சத்துணவுக் கூடத்தின் ஓசையையும் மணத்தையும் அடையாளம் கொண்டும், வகுப்பறையிலிருந்து கழிப்பறைவரை அவள் தனியே போய்வரப் பழக்குவேன். பின்பு ஒருநாள் தாயை அழைத்து அதைக் காட்டினால், மேற்கொண்டு பேச வேண்டியது கொஞ்சம்தான். இத்தகைய உத்திகளைச் சுற்றறிக்கையாக அனுப்ப முடியாது. உடன்வந்து பார்த்தால்தான் பிடிபடும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் குறுக்கிடுகிறது. நம் நாட்டில் சிறப்புக் கல்விப் பட்டங்கள் ஏதேனும் ஒரு குறைபாட்டை மையமாகக் கொண்டவை. வட்டாரத்திலோ எல்லாக் குறைபாடுகளுக்கும் தனித்தனி ஆசிரியர் இருப்பது அரிது. செவித்திறன் குறைபாட்டில் பயின்றவர் பிரெய்லி கற்பிக்க வேண்டிவரும். உடன் பணியாற்றும் மூத்தவரும் வேறு துறையினராக இருக்கக்கூடும். ஆகவே வழிகாட்டி அதே வட்டாரத்தவராக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினிலுள்ள பார்வையற்றோர் பள்ளியே மாநிலம் முழுவதிலும் பரந்து கிடக்கும் புதிய பயண ஆசிரியர்களுக்கு அனுபவம் மிக்கோரை இணைத்துத் தருகிறது. பாளையங்கோட்டைப் பள்ளியும், பல்லாண்டுகளாக இத்துறை ஆசிரியர்களை உருவாக்கிவரும் கோவை இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் இருக்கும் தமிழ்நாட்டில் அவ்வாறு செய்வதற்குத் தடையாக நான் எதையும் காணவில்லை. பார்வையற்ற ஆசிரியர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தினால் இன்னும் சிறப்பு. பிரெய்லியை விரலால் படிப்பவர் ஐந்து நிமிடத்தில் சுட்டும் பிழை, கண்ணால் படிக்கும் நமக்குப் புலப்படுவதேயில்லை.

வழிகாட்டி மேற்பார்வையாளராக இருத்தல் கூடாது என்பதில் நான் சற்றுக் கடுமையானவன். வருகைப் பதிவேட்டைப் புரட்டுபவரிடமும் ஊதிய நீட்டிப்புக்குப் பரிந்துரைப்பவரிடமும் எந்தப் புதியவரும் 'எனக்கு இது தெரியவில்லை' என்று சொல்லமாட்டார். அவ்வாறு சொல்லாதவருக்கு எதையும் கற்றுத்தர இயலாது.

துணை மட்டும் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சிறப்புப் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே காலம் தள்ளுகின்றனர். வேறு நிலையான வேலை கிடைத்தால் போய்விடுகின்றனர். அவர் போனபின் குழந்தை அடுத்தவருக்காகக் காத்திருக்கும். வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்குமேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கவேண்டும் என்றும், பணியிடங்களை நிரந்தரமாக உருவாக்க வேண்டும் என்றும் கூறியது. அவ்விகிதப்படி ஆட்கள் வரும்போது, ஒரே நேரத்தில் பல புதியவர்கள் வருவார்கள். அவர்களோடு பேருந்தில் ஏற யார் இருக்கிறார் என்பதை இப்போதே கணக்கிட்டாக வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் மாதம் ஒரு நாள், அதே குறைபாட்டில் தேர்ந்த ஒருவர் புதியவருடன் பள்ளிக்குச் செல்லட்டும். அந்நாள் இருவருக்கும் பணிநாளாகக் கணக்கிடப்படட்டும். வழிகாட்டியின் பயணப்படியை அவரே சொந்தப் பணத்தில் ஈடுகட்டும் நிலை வேண்டாம். இடைப்பட்ட நாள்களுக்குத் தொலைபேசி போதும். இவ்வேற்பாடு ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே தொடங்குவது நல்லது. காலாண்டுத் தேர்வு வரும்வரை காத்திருந்தால், அதற்குள் அக்குழந்தை எந்த இருக்கையில் உட்காரும், அதைப் பற்றி வகுப்பு என்ன நினைக்கும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும்.