கார் வாங்குமுன் ஒரு கணக்கு



வளைகுடா நாடுகளில் பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த பணத்திலிருந்து, வீட்டிற்கும் பிள்ளைகளின் திருமணத்திற்கும் அடுத்தபடியாக, நம் குடும்பங்கள் பெருந்தொகையைச் செலவிடுவது காருக்குத்தான். வீடு கட்டும்போது கம்பிக்கும் சிமெண்டுக்கும் நான்கு கடைகளில் விலை கேட்கிற நாம், கார் வாங்கும்போது மட்டும் ஷோரூமில் சொல்லும் விலையோடு விசாரணையை முடித்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த விலை முதல் தவணை போன்றதே. மீதியை எரிபொருளாகவும், பழுதுபார்ப்பாகவும், இன்ஷூரன்ஸாகவும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செலுத்திக்கொண்டே இருக்கிறோம். (வட்டிக் கடனில் கார் வாங்குவோர் நம்மில் பெருகிவிட்டது தனியே பேசப்பட வேண்டிய செய்தி.)

காரிலிருந்து காற்றில் கலக்கும் கரியமில வாயுவும் இவ்வாறே வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிடப்பட வேண்டும். மின்சாரக் காருக்குப் புகையே கிடையாது என்று ஒருவர் புகழ்கிறார். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்று மற்றவர் நகைக்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முழு உண்மையை அறிய, பொறுமையோடு சில எண்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எப்படி 2.3 கிலோ ஆகும் என்று நீங்கள் வியக்கலாம். எரியும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதனோடு சேர்ந்துகொள்வதே காரணம். கச்சா எண்ணெயைத் தோண்டி எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் வேலையில் எழும் வாயுவையும் சேர்த்தால், லிட்டருக்கு 2.8 கிலோ எனக் கொள்ளலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 187 கிராம்.

மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 யூனிட் வேண்டும். இந்தியாவில் 2022-23-ஆம் ஆண்டில் ஒரு யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்கையில் சராசரியாக 720 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறியது. மின்கம்பிகளில் வழியில் இழக்கப்படுவதையும் கணக்கில் கொண்டால், கிலோமீட்டருக்கு 130 கிராம் ஆகிறது. ஆக, ஓட்டத்தில் மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு 57 கிராம் மிச்சப்படுத்துகிறது. ஆனால் அது கடனோடு பிறக்கிறது. 40 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியைத் தயாரிக்கும்போதே ஏறத்தாழ மூன்று டன் கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. அந்தக் கடன் என்று அடைபடும்?

இரண்டு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பம் உறவினர் வீட்டு நிக்காஹ், மருத்துவமனை, எப்போதாவது வெளியூர் என்று ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறது. மற்றொரு குடும்பத் தலைவர் வியாபார நிமித்தம் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். முதல் குடும்பத்தின் மின்சாரக் கார் தன் பேட்டரிக் கடனை அடைக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். வியாபாரியின் காரோ மூன்றே ஆண்டுகளில் அடைத்துவிடும்.

பணக் கணக்கும் வியப்பூட்டும் வகையில் இதே பாதையில்தான் செல்கிறது. 2024-இல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டியிருந்தது. அந்த விலையில் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு ஆகிறது. வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால், மின்சாரக் காருக்கு 1 ரூபாய் 20 காசு. இரண்டு கார்களுக்கும் இடையே விலை வேறுபாடு நான்கு லட்சம் எனில், முதல் குடும்பம் ஆண்டுக்கு 27,000 ரூபாய் மிச்சப்படுத்தி அதை ஈடுகட்டப் பதினைந்து ஆண்டுகள் செல்லும். பேட்டரிக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தரும் உத்தரவாதம் எட்டு ஆண்டுகளே. வியாபாரிக்கோ ஆண்டுக்கு 98,000 ரூபாய் மிச்சம். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் ஈடாகிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் பயன்பாடு ஏற ஏற உயர்ந்த படிக்குச் செல்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், இரண்டு மாத ரசீதில் காருக்காக மட்டும் 300 யூனிட் கூடும். ஏற்கெனவே குளிர்சாதனம் ஓடுகிற வீட்டில் இந்த 300 யூனிட்டும் உச்சப் படியில் போய் விழும். வெளியே பொது நிலையங்களில் விரைவாகச் சார்ஜ் செய்தால் வீட்டுக் கட்டணத்தைப் போல் இரு மடங்கும் ஆகக்கூடும். ஆகவே 8 ரூபாய் என்பதை உங்கள் வீட்டு ரசீதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட் கார் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல ஹைபிரிட் கார் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 127 கிராம்தான் வெளியேற்றும். இன்றைய மின்சாரத்தில் ஓடும் மின்சாரக் காருக்கு இது சளைத்ததல்ல. பெரிய பேட்டரிக் கடனும் இல்லை. ஆனால் வாங்கிய நாளில் 127 கிராம் என்றால் பதினைந்தாம் ஆண்டிலும் அதேதான். மின்சாரக் காரோ, நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக, நிறுத்தி வைத்த இடத்திலேயே தூய்மையாகிக்கொண்டு போகும். தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் நடுத்தர மின்சாரக் காரின் வாழ்நாள் வெளியேற்றம் பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 விழுக்காடு வரை குறைவு என்றது. ஐரோப்பாவில் அதே குறைவு 66 முதல் 69 விழுக்காடு. கார் ஒன்றுதான், அதற்கு ஊட்டப்படும் மின்சாரம் வேறு.

சி.என்.ஜி. காசுக்கணக்கில் பெட்ரோலைவிட மலிவு, புகையும் குறைவு. எனினும் அது மீத்தேன் வாயு. எரியாமல் கசிந்தால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்குக்குக் குறையாமல் புவியைச் சூடாக்கும். டீசல் சிறிய கார்களிலிருந்து ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. பெட்ரோலிலும் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால், கையேட்டில் போட்டிருக்கும் மைலேஜை அப்படியே நம்பிக் கணக்கிடாதீர்கள்.

சரி, ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டும் அந்த முதல் குடும்பத்திடம் நல்ல நிலையில் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தால்? சுற்றுச்சூழலின் பெயரால் அதை மாற்றச் சொல்வோரின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பேட்டரி நீங்கலாகவும் ஒரு புதிய கார் உருவாக ஐந்தாறு டன் கரியமில வாயு செலவாகிறது. பழைய காரோ ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஒரு டன்னைத் தாண்டாது. அதை விற்றாலும் வேறொருவர் கையில் அது ஓடத்தான் போகிறது.

வியாபாரியின் வீட்டு மாடியில் வெயில் படும் இடம் இருக்குமானால், நிலைமை மேலும் மாறும். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டருக்கு வேண்டிய 2,700 யூனிட்டை இரண்டு கிலோவாட் தகடுகள் ஈட்டிவிடும். அப்போது உச்சப் படிக் கட்டணத்தின் சுமையும் குறைகிறது. நிலக்கரியை வைத்து நகைத்தவருக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.