பரணில் கிடக்கும் டிவி கேம்: கரண்ட் வரவில்லையா? தூக்கிப் போடும் முன் பாருங்கள்

1990-களில் சபரிலிருந்து ஊர் திரும்புகிறவர் பெட்டியைத் திறக்கும் நாளில், அத்தர் பாட்டிலுக்கும் துணிமணிக்கும் நடுவே சில வீடுகளில் ஒரு டிவி கேமும் வெளிவந்தது. அன்று தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டில்தான் இருப்பார்கள். திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வீடுகளின் பரணில் இன்றும் அவற்றில் ஒன்றிரண்டு தூங்கிக்கொண்டிருக்கலாம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிலும் ஒன்று பரணை விட்டு இறங்கியது. எங்கள் அத்தா 1992-ல் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. அத்தா இன்று இல்லை. அவர் கையால் வாங்கித் தந்த பொருள் என்பதால் யாரும் பழைய இரும்புக்காரருக்குப் போடவில்லை. அடாப்டரை மட்டும் காணோம். பிள்ளைகள் வைஃபை மோடத்தின் அடாப்டரை எடுத்து, துளையில் சரியாகப் பொருந்துகிறதே என்று மாட்டிவிட்டார்கள். விளக்கு எரியவில்லை. சற்று நேரத்தில் கருகல் வாடை வந்தது. "பெரியத்தா, அது செத்துப்போச்சு" என்று தம்பி மகன் அழுகிற குரலில் வந்து நின்றான்.

அது சாகவில்லை. இப்படி 'செத்துப்போன' பெட்டிகளில் பல, பிழைக்கக் கூடியவையே. எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

கரண்ட் போகும் பாதை

ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. பின்னர் நம் நாட்டில் லிட்டில் மாஸ்டர், வளைகுடாவிலும் மலேசியாவிலும் மைக்ரோ ஜீனியஸ் எனப் பல பெயர்களில் விற்றவை அதன் அமைப்பைப் பின்பற்றியவை. இவற்றின் உள்ளே இருக்கும் சிப்புகளுக்குத் தேவை 5 வோல்ட் மட்டுமே. சுவரில் வரும் 230 வோல்ட்டை அடாப்டர் 9 வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக்கித் தருகிறது. சுவர், அடாப்டர், ஒயர், ஜாக், சுவிட்ச், 7805 என்ற இந்தப் பாதையில் எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது. ஆகவே வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அடாப்டர்

துளையில் பொருந்துவது பொருத்தமான அடாப்டர் ஆகிவிடாது. அதன் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். ஃபேமிகாமின் அடாப்டர் 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், பின்னின் நடுவில் மைனஸ். இன்றைய மோடம் அடாப்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட், நடுவில் பிளஸ். எங்கள் பிள்ளைகள் செய்தது இந்தத் தலைகீழ் இணைப்புதான். நகல் பெட்டிகளில் இது மாறலாம் என்பதால், பெட்டியின் அடியிலும் ஜாக் அருகிலும் உள்ள பிளஸ், மைனஸ் குறியையே நம்புங்கள்.

ஒரே கம்பெனிப் பொருள் என்றும் நம்பிவிட முடியாது. சேகா மெகா டிரைவின் முதல் மாடலுக்கு நடுவில் மைனஸ். இரண்டாவது மாடலுக்கு நடுவில் பிளஸ். நின்டெண்டோவின் என்இஎஸ் பெட்டிக்கு வந்த அடாப்டர் 9 வோல்ட் ஏசி தரும். அதை ஃபேமிகாமில் மாட்டினால் பெட்டி பழுதாகிவிடும். வோல்ட்டும் பிளஸ், மைனஸும் பொருந்த வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

'இன்புட்' என்ற வரியையும் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட் என்றிருக்கும். அவற்றை நம் வீட்டுப் பிளக்கில் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் அடாப்டரின் பின்னில் வைத்துப் பாருங்கள். பழைய கனமான அடாப்டர், 9 வோல்ட் என்று எழுதியிருந்தும் சும்மா இருக்கும்போது 12, 13 காட்டும். அது பழுதல்ல; சுமை ஏறியதும் இறங்கிவிடும். எதுவுமே காட்டாவிட்டால் பின்னுக்கு அருகே ஒயர் மடங்கி அறுந்திருக்கலாம், அல்லது உள்ளே எரிந்திருக்கலாம். அடாப்டரைத் திறக்க வேண்டாம். வேறு வாங்குங்கள்.

லோ வோல்டேஜ்

நம் பகுதியில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்விளக்கு மங்குவதைப் பார்த்திருக்கிறோம். பழைய வகை அடாப்டர், சுவரில் குறைவதை அப்படியே தானும் குறைக்கும். சுவரில் 170 வோல்ட் இருந்தால் 9 வோல்ட் அடாப்டர் சுமார் 6.6 தான் தரும். 7805-க்குள் நுழைவது ஏறத்தாழ 7 வோல்ட்டாவது இருக்க வேண்டும். குறைந்தால் படம் ஆடும், ஆட்டம் நடுவில் தானே முதலுக்குப் போகும். பகலில் ஓடி மாலையில் மக்கர் செய்யும் பெட்டிக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஜாக், சுவிட்ச், 7805

பின்னை லேசாக அசைக்கும்போது விளக்கு எரிந்து அணைந்தால், ஜாக்கின் ஈயப் பற்று விரிந்திருக்கிறது. மீண்டும் பற்றவைத்தால் சரியாகிவிடும். நம் கரிசல் தூசி சுவிட்சுக்குள் புகுந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது விவரம் தெரிந்தவர் செய்ய வேண்டிய சோதனை. 7805-ன் நடுக்கால் எர்த். எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்க, இடக்கால் உள்ளே வருவது, வலக்கால் வெளியே போவது. உள்ளே 9 வந்து வெளியே 4.75 முதல் 5.25 வரை இருந்தால் கரண்ட் பகுதி நலம். உள்ளே வந்தும் வெளியே வராவிட்டால் அது போய்விட்டது, அல்லது போர்டில் எங்கோ ஷார்ட். ஷார்ட் என்றால் புதிதாக மாற்றினாலும் பயனில்லை. 7805 சூடாவது இயல்புதான். அரை ஆம்பியர் ஓடும்போது 9 வோல்ட்டில் 2 வாட் சூடு. 12 வோல்ட் கொடுத்தால் அது 3.5 வாட். அதனால்தான் கூடுதல் வோல்ட் கொடுக்கக் கூடாது என்கிறோம். திரையில் தடித்த பட்டைகள் மெதுவாக நகர்ந்தால் ஜாக் அருகிலுள்ள பெரிய கன்டென்சர் தளர்ந்திருக்கலாம்.

விளக்கு எரிந்தும் படம் வரவில்லையா? அது பெரும்பாலும் கேசட் அல்லது டிவி இணைப்பின் கோளாறு. என்இஎஸ்ஸில் விளக்கு விநாடிக்கொரு முறை மின்னினால், கேசட் சரியாகத் தொடவில்லை என்று பொருள்.

பெற்றோரின் கவனத்திற்கு

பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகளில் அடாப்டர் தனியாக இல்லை. சுவர்க் கரண்ட் நேராக உள்ளேயே போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கன்டென்சர் ஷாக் அடிக்கக் கூடும். அவற்றைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. நாமும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் பெட்டியை அருப்புக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். கன்டென்சர் உப்பியிருந்தது, 7805 போயிருந்தது. இரண்டும் விலை குறைந்த சாமான்கள். மாற்றியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. சிப்புகள் தப்பியது அல்லாஹ்வின் உதவி.

இப்போது அதன் அடாப்டரில் ஒரு அட்டை கட்டியிருக்கிறோம்: 'டிவி கேம். 9 வோல்ட். நடுவில் மைனஸ்.' தம்பி மகன்தான் எழுதினான். உங்கள் வீட்டுப் பழைய சாமான்களின் அடாப்டர்களிலும் இன்றே அப்படி எழுதிக் கட்டிவிடுங்கள்.