டி.என்.ஏ மெத்தில்மாற்றி 1 நொதியின் நிலைப்புத்தன்மை

டி.என்.ஏ மெத்தில்மாற்றி 1 (சுருக்கமாக டி.என்.எம்.டி1) என்பது பாலூட்டிகளின் உயிரணுக்களில் டி.என்.ஏ மெத்திலேற்றத்தைப் பேணும் முதன்மை நொதி ஆகும். மனிதரில் இது 1616 அமினோ அமிலங்களால் ஆனது. இதற்குரிய மரபணு 19 ஆவது நிறப்புரியில் அமைந்துள்ளது. உயிரணுவானது இந்நொதியின் அளவை அதன் ஆக்கத்தின் மூலம் மட்டுமன்றி, அதன் சிதைவின் மூலமும் கட்டுப்படுத்துகிறது.

பணி

டி.என்.ஏ இரட்டிக்கும்போது உருவாகும் புதிய இழையில் மெத்தில் குழுக்கள் இருப்பதில்லை. பழைய இழையில் உள்ள குறிகளுக்கு ஏற்ப, புதிய இழையின் சைட்டோசின்களில் மெத்தில் குழுக்களைச் சேர்ப்பது இந்நொதியின் பணியாகும். எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்னும் தகவல் இவ்வாறு மகளுயிரணுக்களுக்குக் கடத்தப்படுகின்றது. நொதி குறைந்தால், ஒவ்வொரு உயிரணுப் பிரிவின்போதும் இக்குறிகள் குறைந்துகொண்டே செல்லும். 1992 இல் வெளியான ஆய்வொன்றில், இம்மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட சுண்டெலிக் கருக்கள் பிறப்பதற்கு முன்பே இறந்தன.

மெத்திலேற்றமும் பொசுபேற்றமும்

மெத்தில் குழுவைச் சேர்க்கும் இந்நொதியின் ஆயுளும் ஒரு மெத்தில் குழுவினாலேயே தீர்மானிக்கப்படுகிறது. செட்7 என்னும் நொதி, டி.என்.எம்.டி1 இன் 142 ஆவது அமினோ அமிலமான லைசினில் ஒரு மெத்தில் குழுவைச் சேர்க்கும்போது, டி.என்.எம்.டி1 சிதைவுக்கு உள்ளாகிறது. தேவையற்ற புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டும் புரோட்டியசோம் என்னும் உருளை வடிவப் புரதத் தொகுதி இச்சிதைவை நிகழ்த்துகிறது.

இதற்கு எதிராக இரு வழிகள் உள்ளன. அடுத்துள்ள 143 ஆவது செரினில் ஏ.கே.டி1 நொதி பொசுபேற்றுக் குழுவைச் சேர்த்துவிட்டால், செட்7 இனால் லைசினை மெத்திலேற்ற இயலாது. மேலும், எல்.எஸ்.டி1 என்னும் நொதி டி.என்.எம்.டி1 இல் உள்ள மெத்தில் குழுக்களை அகற்றுகிறது. எல்.எஸ்.டி1 இல்லாத சுண்டெலி முளையக் குருத்தணுக்களில் டி.என்.ஏ மெத்திலேற்றம் படிப்படியாகக் குறைவது 2009 இல் காட்டப்பட்டது.

யுபிக்குவிட்டின் வழி

2010 இல் மற்றொரு வழி விளக்கப்பட்டது. டிப்60 நொதி டி.என்.எம்.டி1 இல் அசெட்டைல் குழுவைச் சேர்க்க, அதனைத் தொடர்ந்து யு.எச்.ஆர்.எஃப்1 புரதம் யுபிக்குவிட்டின் என்னும் சிறு புரதத்தை இணைத்து, நொதியைச் சிதைவுக்கு அடையாளமிடுகிறது. எச்.டி.ஏ.சி1 அசெட்டைல் குழுவையும், யு.எஸ்.பி7 யுபிக்குவிட்டினையும் நீக்கி நொதியைக் காக்கின்றன. பாதி மெத்திலேற்றப்பட்ட டி.என்.ஏவுக்கு டி.என்.எம்.டி1 ஐ வரவழைப்பதும் இதே யு.எச்.ஆர்.எஃப்1 என்பது குறிப்பிடத்தக்கது.

மருத்துவ முக்கியத்துவம்

பல புற்றுநோய்களில், கட்டிகளை அடக்கும் மரபணுக்கள் மிகையான மெத்திலேற்றத்தால் முடக்கப்பட்டுள்ளன. அசசைட்டிடின், டெசிட்டபின் ஆகிய மருந்துகள் டி.என்.ஏயில் சைட்டோசினுக்குரிய இடத்தில் நுழைகின்றன. அங்கு வரும் டி.என்.எம்.டி1 அவற்றுடன் பிணைந்து விடுபட இயலாமல் சிக்கிக்கொள்ள, உயிரணு அதனைச் சிதைத்துவிடுகிறது. எலும்பு மச்சையில் குருதியணுக்கள் சரிவர முதிராத நோய்த்தொகுதிக்காக இவை ஐக்கிய அமெரிக்காவில் முறையே 2004, 2006 ஆம் ஆண்டுகளில் ஒப்புதல் பெற்றன.

நொதி அளவுக்கு மீறிச் சிதைவதும் கேடு விளைவிக்கும். உணர்வு நரம்புச் சிதைவு, செவிட்டுத்தன்மை, மறதிநோய் ஆகியவை ஒருங்கே தோன்றும் ஒரு பரம்பரை நோய்க்கு இம்மரபணுவின் திடீர்மாற்றங்கள் காரணம் என 2011 இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றங்களால் நொதி தவறாக மடிந்து, உரிய காலத்திற்கு முன்பே சிதைகிறது.