உங்களுக்குத் தெரியுமா? கீசரைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுவது ஏன்?

கீசரில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் எலிமென்ட், வெளியே உலோகக் குழாயும் உள்ளே சூடேறும் கம்பிச் சுருளும் கொண்டது. இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தாத மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள் நிரப்பப்பட்டிருக்கும். இத்தூள் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலே போதும். உள்ளே புகும் ஈரத்தின் வழியாக மின்சாரம் எர்த்துக்குக் கசியும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லிஅம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும்.

மார்கழிக் குளிரில் கண்டி, பேராதனை வீடுகளில் கீசர் ஓயாது வேலை செய்யும். போட்டுச் சில நிமிடங்களில் ட்ரிப் விழுந்தால் முதற் சந்தேகம் எலிமென்ட் மீதே. சூட்டில் வெடிப்பு விரிவதும் உண்டு. ஒற்றை வயரை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் என்றால், கீசரை நிறுத்திய பின்னும் நியூட்ரல் வழிக் கசிவால் ட்ரிப் விழலாம்.

ட்ரிப் விழாமல் தண்ணீர் மட்டும் சூடாகாவிட்டால், மெயினை நிறுத்தி, எலிமென்ட்டின் வயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரால் அளக்கவேண்டும். 230 வோல்ட், 3 கிலோவாட் எலிமென்ட் சுமார் 17.6 ஓம் காட்டும். 2 கிலோவாட் என்றால் 26.5 ஓம். அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்துள்ளது. அளவு சரியென்றால் தெர்மோஸ்டாட்டையும், மிகைச்சூட்டில் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டையும், கருகிய வயர் முனைகளையும் பார்க்கவேண்டும். 3 கிலோவாட் கீசர் 13 அம்பியர் இழுப்பதால், தளர்ந்த திருகு விரைவில் கருகும்.

மல்டிமீட்டரின் சிறு பற்றரிக்குக் கசிவு பிடிபடாமல் போகலாம். மின்பணியாளர்கள் அதற்கு 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரைப் பயன்படுத்துவர்; 1 மெகாஓமுக்குக் கீழ் காட்டும் எலிமென்ட்டை மாற்றவேண்டும். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுப்பது உயிரைப் பறிக்கும்.