அம்மாவுக்கு ஒரு கத்தி வாங்கினேன்!



"பெத்த தாய்க்கு யாராவது கத்தியைப் பரிசாக் கொடுப்பாங்களா?" என்று என் வீட்டுக்காரரே சிரித்தார். புடவை, சால்வை, மூட்டு வலித் தைலம் என்று எவ்வளவோ இருக்க, நான் ஏன் கத்தி வாங்கினேன் என்று சொல்கிறேன். வயதான அம்மா, மாமியார் இருக்கும் வீடுகளுக்கு உபயோகப்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. தம்பி வீட்டில் இருக்கிறார். கல்யாணச் சீரோடு வந்த அரிவாள்மணையில்தான் வாழ்நாள் முழுக்கக் காய் நறுக்கினார். வாழைப்பூவாகட்டும், சேனைக்கிழங்காகட்டும், பேசிக்கொண்டே பத்துப் பேருக்கு நறுக்கிப் போடுவார். மூட்டுத் தேய்மானம் வந்து, "இனிமே தரையில உட்காரவே கூடாது" என்று டாக்டர் சொன்ன பிறகு, அரிவாள்மணை பரணுக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் பிடிக் கத்தி.

அந்தக் கத்தி ஒரு மாதத்திலேயே மழுங்கிவிட்டது. "மழுங்கின கத்திதான் நல்லது, கையை வெட்டாது" என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்! ஒருநாள் அம்மா பரங்கிக்காயை அழுத்தி நறுக்க, கத்தி தோலில் இறங்காமல் வழுக்கி, இடது கையில் இறங்கிவிட்டது. நாலு தையல். சர்க்கரை இருப்பதால் புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று.

அதோடு அம்மாவின் காய் நறுக்கும் வேலையும் போயிற்று. "உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம், நான் பார்த்துக்கறேன்" என்று தம்பி மனைவி வாங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து போனவள் அவள்தான். ஆனால் நான் ஊருக்குப் போனபோது அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றே?" என்றேன்.

"என்னத்தப் பண்றது... ஒரு வெண்டைக்காயக்கூட நறுக்க விட மாட்டேங்கறாங்க. சோறு திங்கறதுக்குன்னே உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் பளபளவென்று இருந்த 8 அங்குலக் கத்தியை, விலையைப் பார்க்காமல் வாங்கி அனுப்பினேன். நல்ல சாமான்தான். ஆனால் ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், டப்பாவோடு பீரோவில் இருக்கிறது! "இது கசாப்புக் கடைக் கத்தி மாதிரி இருக்குடி. தூக்கவே முடியலை. நீ எடுத்துக்கிட்டுப் போ" என்றார் அம்மா.

தப்பு என்னுடையது. எனக்குப் பிடித்ததை வாங்கினேனே தவிர, அம்மா எப்படி நறுக்குவார் என்று பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அரிவாள்மணையில் கத்தி அசையாமல் நிற்கும், காய்தான் நகரும். கத்தியிலோ காய் நிற்க வேண்டும், கை நகர வேண்டும். ஆயுசு முழுக்கப் பழகிய கைக்கு இது தலைகீழ் பாடம். அதனால் அம்மா பீன்ஸைக் கையிலேயே பிடித்து, கட்டைவிரலை எதிரே கொடுத்து, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து நறுக்குகிறார். இதற்கு 8 அங்குலக் கத்தி எப்படி ஒத்துவரும்?

அடுத்த முறை அம்மாவையும் கடைக்குக் கூட்டிப் போனேன். நாலைந்து கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்தார். அந்த அலைச்சலில் நான் கற்றுக்கொண்டவை இவை:

1. நீளம்: கையில் பிடித்து நறுக்கவும் தோல் சீவவும் 3 முதல் 4 அங்குலக் கத்தி. பலகையில் வைத்து நறுக்க 6 அங்குலம். வயதானவர்களுக்கு இந்த இரண்டே போதும். பத்துக் கத்தி கொண்ட செட் எல்லாம் அலங்காரத்துக்குத்தான்.

2. பிடி: விரல் வலி உள்ளவர்களுக்கு மெல்லிய பிடி ஆகாது. கொஞ்சம் பருமனாக, ஈரக் கையிலும் வழுக்காததாக இருக்க வேண்டும். முழுக்க எவர்சில்வரில் வரும் வழவழப்பான பிடி எண்ணெய்க் கையில் வழுக்கும். மரப்பிடி என்றால் தகடு பிடியின் கடைசி வரை போகிறதா, ஆணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

3. இரும்பா, எவர்சில்வரா? சாதாரண எஃகுக் கத்தி நல்ல கூர் கொடுக்கும், தீட்டுவதும் சுலபம். ஆனால் ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். வாழைக்காய், மாங்காய் நறுக்கினால் கறுத்துப் போகும். உடனே கழுவித் துடைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் அது சரி. துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி இந்த வகை எஃகை உருக்கினார். அதற்கு அப்புறம்தான் எலுமிச்சம்பழம் நறுக்கினாலும் கறுக்காத கத்திகள் வீட்டுக்கு வந்தன.

4. கடினம்: விலை உயர்ந்த கத்திகளில் 'ராக்வெல்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 55 முதல் 58 வரை என்றால் வீட்டுக்குப் போதும். 60-க்கு மேல் உள்ளவை கூர் நிறைய நாள் நிற்கும். ஆனால் தேங்காய், எலும்பு என்று வெட்டினால் விளிம்பு தெறித்துவிடும்.

5. கூர்: ஒரு தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து இழுத்துப் பாருங்கள். கிழியாமல் வெட்டினால் நல்ல கூர். மழுங்கிய கத்திக்குத்தான் பலம் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போதுதான் வழுக்குகிறது. அம்மாவின் நாலு தையல் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

6. பலகை: கிரானைட் மேடையிலும் கண்ணாடிப் பலகையிலும் நறுக்கினால் எப்பேர்ப்பட்ட கத்தியும் சீக்கிரம் மழுங்கிவிடும். மரப் பலகையோ பிளாஸ்டிக் பலகையோதான் நல்லது. அடியில் ஓர் ஈரத்துணியை விரித்து வைத்தால் நகராது.

7. சாணை: சாணைக்காரரிடம் கொடுத்தால், சக்கரத்தில் வைத்துத் தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் உறுதி போய்விடும். நடுவில் கொஞ்சம் கூர் குறைந்தால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் லேசாகச் சாய்த்து நாலு இழுப்பு இழுங்கள். துணி துவைக்கிற கல்லில் தேய்க்க வேண்டாம்!

8. கழுவுதல்: கத்தியைப் பாத்திரங்களோடு தொட்டியில் போடாதீர்கள். சோப்பு நுரைக்குள் கத்தி இருப்பது தெரியாமல் கையை விட்டு அறுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். கை தவறிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாமல் விலகிக்கொள்ளுங்கள்.

அப்படியும் கை வெட்டிவிட்டால் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்ப வேண்டாம். சுத்தமான துணியை வைத்து, நடுநடுவே திறந்து பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ காயம் ஆழமாக இருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

அம்மா தேர்ந்தெடுத்தது 4 அங்குலத்தில் ஒரு சின்னக் கத்தி. விலை 500 ரூபாய்க்குள்தான். சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் கம்பெனிக் கத்தி. வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பெயரின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். 1884-ல் கார்ல் எல்ஸனர் என்பவர் ஆரம்பித்த கத்திப் பட்டறை அது. 1909-ல் அவருடைய அம்மா இறந்தபோது, அவர் நினைவாகத் தயாரிப்புகளுக்கு 'விக்டோரியா' என்ற அவர் பெயரையே வைத்தார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இநாக்ஸ்' என்ற சொல்லும் அதோடு சேர்ந்துகொண்டது. "பரவாயில்லையே, அம்மா பேரைக் கத்திக்கு வச்ச பிள்ளையும் இருக்கானா!" என்று சிரித்தார் அம்மா.

கத்தியைக் கையில் கொடுக்கப் போனேன். "கையில கொடுக்காதடி, கீழ வை. உறவு அறுந்து போகும்" என்றார். மேஜையில் வைத்தேன். எடுத்துக்கொண்டவர், சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் கையில் அழுத்தினார். "நீ கொடுத்ததா இருக்க வேண்டாம். நான் காசு கொடுத்து வாங்கினதா இருக்கட்டும்." கத்தியைப் பரிசாகத் தந்தால் இப்படி ஒரு காசு வாங்கிக்கொள்ளும் வழக்கம் வெளிநாடுகளிலும் உண்டாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த நாணயத்தைச் செலவழிக்க மனசு வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

தம்பி மனைவியிடமும் தனியாகப் பேசினேன். "பரங்கி, சேனை மாதிரிக் கெட்டியானதை நீ நறுக்கு. பீன்ஸ், வெண்டைக்காய், கீரை, வெங்காயத்தை அத்தைக்கு விட்டுடு" என்றேன். முதலில் தயங்கினாள், பிறகு சரி என்றாள். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டாயிற்று.

இப்போது போன் செய்தால், "அப்புறமாப் பேசு, காய் நறுக்கிக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிடுகிறார்! "அத்தை நறுக்கற பீன்ஸ் மாதிரி எனக்கு வராது அண்ணி" என்கிறாள் தம்பி மனைவி.

தோழிகளே, பெரியவர்களின் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்வதற்கு முன்னால், அந்தக் கைக்கு ஏற்ற சாமானை வாங்கிக் கொடுக்க முடியுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கடைக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பீரோவில் கிடக்கும் அந்த 8 அங்குலக் கத்தியை இப்போது நான்தான் உபயோகிக்கிறேன்.

– ஒரு வாசகி, திருச்சி.