புள்ளி போனால் கணக்கும் போகும்

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களின் 'தலை'க்கு வைத்தியம் பார்க்கும் கைகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. காரணம்: கார்பன் நகல்.

முதல் அறிகுறி ஒரு வெள்ளைக் கோடு. பில்லின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, எல்லா எழுத்துகளின் வயிற்றையும் கீறிக்கொண்டு போகும். ரிப்பன் காய்ந்துவிட்டது என்று நினைத்துப் புது ரிப்பன் மாட்டுவார்கள். எழுத்து கறுக்கும்; கோடு மட்டும் அப்படியே இருக்கும். கோளாறு ரிப்பனில் இல்லை, தலையில்.

9 ஊசிகள் கொண்ட தலையில் ஒரே ஒரு ஊசி வேலைநிறுத்தம் செய்தாலும் போதும், விஷயம் விபரீதமாகிவிடும். சாதாரண எழுத்து மேலிருந்து ஏழு வரிசைப் புள்ளிகளால் ஆனது. அதில் நான்காவது ஊசி செத்துப்போனால் 8-ன் இடுப்பு காணாமல் போய், அது 0 போலத் தெரியும். கழித்தல் குறி இருப்பதே அந்த ஒரு வரிசையில்தான். எனவே அது முழுசாகவே மறைந்துவிடும். கழித்த தொகை கூட்டிய தொகையாகக் காட்சி தரும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். வியாபாரிக்கு அதே பாடத்தை இந்த இயந்திரம் கற்றுக்கொடுக்கிறது.

லேசரும் இங்க்ஜெட்டும் வந்து இத்தனை காலமான பின்னும் இந்த இரைச்சல் இயந்திரத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பதில் காகிதத்தில் இருக்கிறது. லேசர் மையை ஒட்டுகிறது, இங்க்ஜெட் தெளிக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் மட்டும்தான் அடிக்கிறது. அடித்தால்தான் அடியில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது தாளில் பதியும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் சரக்குக்கான பில் மூன்று பிரதி வேண்டும் என்று 48-வது விதி சொன்னது: வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்காரருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. மின்னணு பில் போட வேண்டிய பெரிய நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மொத்த மருந்துக் கடைக்கும் லாரி புக்கிங் ஆபீசுக்கும் மூன்று தாளும் ஒரே அடியில் கிடைப்பதுதான் வசதி. எப்சனும் டிவிஎஸ்ஸும் இன்னும் இந்த ரக பிரிண்டர்களை விற்பது சும்மா இல்லை.

புதியது வாங்கலாமே? வாங்கலாம். ஆனால் பிரிண்டரின் விலையில் கணிசமான பங்கு தலைக்கே போய்விடும். தலையைப் பிழைக்கவைத்தால் இயந்திரம் பிழைத்தது. தவிர, எல்எக்ஸ் 800 போன்ற பழைய மாடல்களுக்குப் புதுத் தலை கிடைப்பது குதிரைக்கொம்பு. எனவே டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு மாதிரியான கடைத்தெருக்களைத் தேடிப் போகிறார்கள்.

தலைக்குள் என்ன?

தீப்பெட்டி அளவுள்ள அந்த உலோகக் கட்டியின் மூக்கில், ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன ஊசிகள். கடைத்தெரு பாஷையில் 'பின்'. ஒவ்வொன்றும் சுமார் 0.3 மில்லிமீட்டர் கனம். 24 ஊசித் தலைகளில் இன்னும் மெலிவு. ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் ஒரு செப்புக் காயில். காயில்களை ஒரே நேர்கோட்டில் அடுக்க இடமில்லை என்பதால் வட்டமாக வைத்திருக்கிறார்கள். ஊசிகள் வளைந்து வந்து மூக்கில் ஒரே வரிசையில் சேர்கின்றன.

மின்சாரம் பாய்ந்ததும் காயில் காந்தமாகி ஒரு சிறு இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு ஊசியைத் தள்ளும். ஊசி ரிப்பனைக் குத்தும். ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளும். நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் இந்தக் கூத்து நடக்க முடியும்.

எல்லா ஊசிக்கும் சமமான உழைப்பு கிடையாது. பழைய பில்லிங் புரோகிராம்கள் பல, தலைப்புக்குக் கீழேயும் கூட்டுத்தொகைக்கு மேலேயும் 80 கழித்தல் குறிகளை வரிசையாக அடித்துத்தான் கோடு போடுகின்றன. அத்தனையும் நான்காவது ஊசியின் தலையில் விழுகிறது. எது போனால் கணக்கு கெடுமோ, அதையே அதிகம் அடிக்கிறார்கள்.

வைத்தியம்

நல்ல மெக்கானிக் உடனே தலையைக் கழற்றுவதில்லை. எப்சன் எல்எக்ஸ் 300 போன்றவற்றில் எல்எஃப் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் பிரிண்டர் தானாகவே எழுத்துகளை அடித்துக் காட்டும். கோடு அதிலும் விழுந்தால் கம்ப்யூட்டர் நிரபராதி. கோடு விட்டுவிட்டு வந்தால் சந்தேகம் தலையோடு கூடவே ஓடி ஓடி மடங்கும் பட்டை கேபிள் மீது. எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் ஊசி அல்லது காயில்.

அடுத்தது, சுவிட்சை அணைத்துக் காத்திருப்பது. ஓடி முடித்த தலை கையைச் சுட்டுவிடும். ஆறியதும் ரிப்பனை எடுத்து, தலையைக் கழற்றி, கேபிளை நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் புதிதாக ஒரு கோளாறு கையோடு வரும். பிறகு மல்டிமீட்டர். 9 காயில்களின் மின்தடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் முள் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. மற்றவற்றைவிட வெகு குறைவாகக் காட்டினால் உள்ளுக்குள் கருகியிருக்கிறது.

காயில்கள் எல்லாம் நலம் என்றால் நோய் பெரும்பாலும் அழுக்கு. காகிதத் தூசியும் ரிப்பன் மையும் கலந்து பிசினாகி ஊசியைப் பிடித்துக்கொள்கின்றன. மூக்கை மட்டும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பஞ்சில் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்டால் பாதித் தலைகள் எழுந்து உட்கார்ந்துவிடும். காயாமல் மின்சாரம் கொடுப்பது ஆபத்து.

ஊசி முறிந்திருந்தால்தான் அறுவைச் சிகிச்சை. பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கும் தகடும் இடம் மாறாமல் வரிசையாக எடுத்துவைத்து, முறிந்ததை உருவிவிட்டு, காயில் கருகிப்போன வேறொரு தலையிலிருந்து எடுத்த ஊசியைச் செருகுவார்கள். வளைந்த பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக உள்ள துளைகளின் வழியே அதைக் கொண்டுபோய் மூக்கில் எட்டிப்பார்க்க வைப்பதில்தான் கைத்திறன். கடைசியில் மெல்லிய சாணைக்கல்லில் முனைகளைத் தேய்த்து ஒரே மட்டமாக்க வேண்டும். நீண்டுவிட்ட ஊசி ரிப்பனில் மாட்டி மறுபடி முறியும். குட்டையான ஊசி மூன்றாவது தாளை எட்டாது.

கருகிய காயிலுக்குப் பின்னால்

அவசரக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காயில் கருகியதற்குக் காரணம் பல சமயம் தலையில் இல்லை, போர்டில். ஒவ்வொரு காயிலுக்கும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது ஒரு டிரான்சிஸ்டர். அது ஷார்ட் ஆகிவிட்டால் மின்சாரம் மூடப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சில நொடிகளில் காயில் புகைந்துவிடும். போர்டைச் சோதிக்காமல் புதுத் தலையை மாட்டினால் அதே ஊசி, அதே புகை, இரண்டாவது செலவு.

மற்றபடி தலையைக் கொல்வது சிக்கனம்தான். கிழிந்த ரிப்பனில் ஊசி மாட்டி முறிகிறது. ரிப்பனில் ரப்பர் ஸ்டாம்பு மையை ஊற்றி இன்னும் ஒரு மாதம் ஓட்டுகிறார்கள். ரிப்பனுக்கென்றே வரும் எண்ணெய் மை ஊசிக்கு உராய்வு குறைக்கும், ஸ்டாம்பு மையோ காய்ந்து அடைத்துக்கொள்ளும். தாளின் கனத்துக்கேற்ப தலையைத் தள்ளிவைக்கும் லீவரைத் தொடுவாரும் இல்லை. ஒற்றைத் தாளுக்கு வைத்த இடைவெளியில் மூன்று தாள் கட்டை நுழைத்தால் ஊசி முனை தேயத்தான் செய்யும்.

பழுது பார்த்த தலையைத் திரும்ப வாங்கும்போது ஒற்றைத் தாளில் அடித்துக்காட்டுவதை நம்ப வேண்டியதில்லை. மூன்று தாள் கட்டை வைத்து, ஒரு வரி முழுக்க 8, அடுத்த வரி முழுக்கக் கழித்தல் குறி அடிக்கச் சொல்ல வேண்டும். அதுவும் டிராஃப்ட் முறையில். என்எல்க்யூ முறையில் தாள் சற்று நகர்ந்து தலை இரண்டாவது முறையும் ஓடுவதால் குறை பாதி மறைந்துவிடும். மூன்றாவது தாளிலும் 8 எட்டாகவே நின்றால், காசைக் கொடுக்கலாம்.