மடிக்கணினியும் மண்ணும்



ஒரு நாட் காலை எங்கள் பாடசாலையின் கணினி அறையிலிருந்து தரம் 9 மாணவி ஒருத்தி என் அலுவலகத்துக்கு வந்தாள். "சேர், மடிக்கணினியிலே கை வைத்தால் மயிர்க்கொட்டி பட்டதுபோலச் சுணைக்கிறது" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற மாணவன் ஒருவன் அவளைத் திருத்தி, "சுணை இல்லை, சேர், கறண்ட்" என்றான்.

நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் படிப்பித்துக் காலங்கழித்தவன். மின்னியல் என் துறையன்று. "உலோகம் குளிர்ந்திருக்கும், அதுதான் அப்படித் தோன்றுகிறது; போய்ப் படியுங்கள்" என்று சொல்லி அவ்விருவரையும் அனுப்பிவிடவே முதலில் எண்ணினேன். அவ்வாறு அனுப்பியிருந்தால் எத்தகைய தவறு செய்தவனாவேன் என்பதைப் பின்னரே அறிந்தேன். அத்தவறு யாது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அறைக்குச் சென்று பார்த்தேன். நீண்ட மேசையொன்றில் பன்னிரண்டு மடிக்கணினிகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் உலோக மூடியை விரல்களின் பின்புறத்தால் மெல்லத் தடவினேன். மாணவி சொன்னது மெய்யே. வழவழப்பாக இருக்கவேண்டிய உலோகம், நுண்மணல் தூவியதுபோல விரலின் கீழ் அதிர்ந்தது. அதன் செருகியைக் குதையிலிருந்து கழற்றச் செய்து மீண்டும் தடவினேன். இப்பொழுது கணினி தன் பற்றரியில் இயங்கிக்கொண்டிருந்தது. மூடியோ கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது. ஆகவே குளிர்ச்சி என்ற என் விளக்கம் அந்த இடத்திலேயே பொய்த்துப்போயிற்று.

உடனிருந்த ஆசிரியர் ஒருவர், அது நிலைமின்னாக இருக்கலாம் என்றார். அதுவும் பொருந்தவில்லை. நிலைமின் என்பது வறண்ட காற்றில், உராய்வினால் சேர்ந்து, தொட்டவுடன் ஒரே சொடுக்கில் தீர்ந்துபோவது. எங்கள் உணர்வோ, செருகி குதையில் இருக்குமளவும் இடைவிடாது நீடித்தது. அது சுவரிலிருந்து வருகின்ற மின்னே என்பதில் ஐயமில்லை.

ஆயின், சுவரிலுள்ள 230 வோல்ற்று மின் கணினிக்குள் நேரே செல்வதில்லையே. இடையில் அடப்டர் என்று நாம் வழங்கும் கறுப்புப் பெட்டி ஒன்று உண்டல்லவா? அது கணினிக்குக் கொடுப்பது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ற்று நேரோட்டமே. அவ்வளவு சிறிய அழுத்தத்தை உலர்ந்த கை உணரமாட்டாது. அப்படியானால் சுணைப்பு எங்கிருந்து வந்தது?

அடப்டருக்குள் நடப்பதைச் சற்று நோக்குவோம். சுவரிலிருந்து வரும் ஆடலோட்டம் முதலில் நேரோட்டமாகச் சீராக்கப்படுகின்றது. பின்னர் ஓர் இலத்திரனியல் ஆளி அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகின்றது. அவ்வாறு வெட்டுவதனாலேயே உள்ளிருக்கும் நிலைமாற்றி உள்ளங்கைக்குள் அடங்குமளவு சிறியதாக அமைகின்றது. ஆனால் இந்த வெட்டுதலால் மின்னிரைச்சலும் பிறக்கின்றது. அதனை அடக்காது விட்டால், இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வானொலிப் பெட்டியிலேயே அது கரகரப்பாக ஒலிக்கக்கூடும்.

அவ்விரைச்சலை அடக்குவதற்கென்று அடப்டருக்குள் மிகச் சிறிய கொள்ளளவிகள் வைக்கப்படுகின்றன. கொள்ளளவி என்பது, இடையே காவலி வைத்துப் பிரிக்கப்பட்ட இரு உலோகத் தகடுகள். மின் அதனை ஊடறுத்துச் செல்வதில்லை. ஆயினும் பறையின் ஒரு முகத்தில் அடித்தால் மறுமுகமும் அதிர்வதுபோல, ஆடலோட்டத்தின் அதிர்வு ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்கு எட்டுகின்றது. மூன்று முனைச் செருகியுள்ள அடப்டரில் உயிர்க்கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் இடையே ஒரு கொள்ளளவியும், நொதுமற்கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் இடையே மற்றொன்றும் இருக்கும். இரைச்சலும் அதனோடு கசியும் சிறு மின்னும் புவிக்கம்பி வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். பல கணினிகளின் உலோக உடலும் அதே புவிக்கம்பியுடன் தொடுக்கப்பட்டிருப்பதால், அதைத் தொடுபவர் எதையும் உணரார்.

இப்பொழுது அந்தப் புவிக்கம்பி எங்கோ அறுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். இரு கொள்ளளவிகளுக்கும் நடுவே நிற்கும் கணினியின் உடல், உயிர்க்கம்பியின் 230 வோல்ற்றுக்கும் நொதுமலின் சுழியத்துக்கும் நடுவில், ஏறக்குறைய 115 வோல்ற்றில் மிதக்கத் தொடங்கும். மண்ணுக்கு வேறு வழி இல்லாமையால், தொடுபவரின் உடலே வழியாகின்றது. கணினி அறைக்குள் பாதணியைக் கழற்றிவிட்டுச் செல்வது எங்கள் பாடசாலை வழக்கம். சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்ற பிள்ளைகளே அதனை நன்றாக உணர்ந்தனர். செருப்பணிந்து நின்ற ஆசிரியருக்கு அது ஐயத்துக்கிடமான ஓர் உணர்வாகவே இருந்தது.

115 வோல்ற்று என்றதும் அஞ்சவேண்டாம். உயரத்தில் இருக்கும் பெரிய நீர்த்தாங்கியின் அடியில் ஊசித்துளை ஒன்று இருந்தால், தாங்கி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் துளை வழியே வருவது சிறு கசிவுதான். அக்கொள்ளளவியே இங்கு ஊசித்துளை. 2.2 நனோபரட் அளவான கொள்ளளவி ஒன்று 230 வோல்ற்றில் விடக்கூடியது 0.16 மில்லியம்பியர் மாத்திரமே. மனிதன் மின்னோட்டத்தை உணரத் தொடங்குவது ஏறக்குறைய அரை மில்லியம்பியரில். 10 மில்லியம்பியர் அளவில் பிடித்த கையை விடமுடியாது தசைகள் இறுகும். 30 மில்லியம்பியரைக் கடந்து சில கணம் நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து.

அப்படியானால் 0.16 மில்லியம்பியரை விரல் எவ்வாறு உணர்ந்தது என்று கேட்பீர்கள். இதற்கு விடை பழையது. அமெரிக்காவைச் சேர்ந்த எட்வேட் மலின்க்ரோட் என்பவர், பித்தளையாலான மின்விளக்குத் தாங்கி ஒன்று விளக்கு எரியும்போது தடவினால் ஒருவிதமாகவும், அணைந்திருக்கும்போது தடவினால் வேறுவிதமாகவும் இருப்பதைக் கவனித்தார். அவரும் அவருடைய தோழர்களும் 1953ஆம் ஆண்டில் அதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். விரலின் உலர்ந்த மேற்றோல் ஒரு காவலி. அதற்குக் கீழுள்ள ஈரமான தசையும் வெளியிலுள்ள உலோகமும் இரு தகடுகள். மின் ஏறி இறங்கும்தோறும் உலோகம் தோலை இழுத்து விடுகின்றது. நம் நாட்டு மின் செக்கனுக்கு 50 தடவை சுழல்வது. ஏற்றத்தில் ஒரு முறையும் இறக்கத்தில் ஒரு முறையுமாகத் தோல் 100 தடவை இழுபடும். ஆகவேதான் அழுத்தி வைத்த கையை விட, மெல்லத் தடவும் விரலே அதனை அறிகின்றது.

இங்கு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். சில அடப்டர்கள் இரண்டே கம்பிகள் கொண்டவை. சதுரத்துக்குள் சதுரம் வரைந்த அடையாளம் அவற்றின்மேல் இருக்கும். இரட்டைக் காவலிடப்பட்டவை என்பது அதன் பொருள். அவற்றுக்குப் புவிக்கம்பியே இல்லை. சிலவற்றில் மூன்றாம் முனை இருந்தாலும், அது குதையின் மூடியைத் திறப்பதற்கென அமைந்த பிளாஸ்ரிக் முனையே. அத்தகைய அடப்டருடன் கூடிய கணினியில், வீட்டு மின்னிணைப்பு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் இலேசான சுணைப்பு தோன்றலாம். அது அதன் இயல்பு. நெடுங்காலம் நடைமுறையிலிருந்த சர்வதேச நியமம் அக்கசிவை 0.25 மில்லியம்பியருக்குள் கட்டுப்படுத்தியிருந்தது. ஆனால் உலோகப் புவிமுனையுடன் கூடிய அடப்டரிலிருந்து சுணைப்பு வருமாயின், அது இயல்பன்று. புவிக்கம்பி எங்கோ துண்டிக்கப்பட்டிருக்கின்றது என்று அது நமக்குச் சொல்லுகின்றது.

எங்கள் கணினிகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. மேலும் ஒரு வியப்பைப் பிள்ளைகளே கண்டுபிடித்தனர். மற்றைக் கணினிகளின் செருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, எஞ்சிய கணினியின் சுணைப்புக் குறைந்துகொண்டே வந்தது. மின்வேலை தெரிந்த ஒருவரை அழைத்தோம். அவர் முதலிற் சுவர்க் குதையைப் பரிசோதித்து, அதன் புவித்தொடுப்பு நன்றாகவே இருக்கிறதென்றார். பின்னர், பன்னிரண்டு கணினிகளுக்கும் மின் வழங்கிய நீட்டிப்புப் பலகையைத் திறந்தார். குதைகளில் மூன்று துளைகள் இருந்தன. வந்த கம்பியிலோ இரண்டே இழைகள். பலகையின் புவித்தகடு பன்னிரண்டு கணினிகளையும் ஒன்றோடொன்று இணைத்ததேயன்றி, மண்ணோடு இணைக்கவில்லை. பன்னிரண்டு ஊசித்துளைகளின் கசிவும் ஒருங்கு சேர்ந்து, ஏறக்குறைய 2 மில்லியம்பியராக ஒரு பிள்ளையின் விரலைத் தேடி நின்றது. அப்பலகையை எவர் செய்தார் என்பதை இங்கு ஆராய விரும்பவில்லை.

2 மில்லியம்பியரும் உயிரைப் பறிக்காது. ஆனால் உண்மையான ஆபத்து அந்தச் சுணைப்பில் இல்லை. அது சுட்டிக்காட்டிய குறையிலேயே இருந்தது. பன்னிரண்டில் ஏதேனும் ஓர் அடப்டரின் காவலி ஒரு நாள் பழுதடைந்து, உயிர்க்கம்பி கணினியின் உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புவிக்கம்பி இருந்தால் பெரும் மின்னோட்டம் மண்ணுக்குப் பாயும். உருகி எரிந்தோ, ட்ரிப் சுவிட்ச் என்று நாம் சொல்லும் சுற்றுடைப்பான் விழுந்தோ, யாரும் தொடுமுன்னரே மின் நின்றுவிடும். புவிக்கம்பி இல்லாவிட்டால் உருகி எரியாது, ஓசையும் எழாது. ஊசித்துளை என்ற தடையும் இனி இல்லை. பன்னிரண்டு கணினிகளின் உடலும் 230 வோல்ற்றில் அமைதியாகக் காத்திருக்கும். 30 மில்லியம்பியரில் விழும் சுற்றுடைப்பான் இருந்தாற்கூட, அது விழுவதற்கு அம்மின்னோட்டம் முதலில் ஒரு பிள்ளையின் உடலினூடாகச் சென்றாக வேண்டும்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இத்தகைய சுணைப்பை உணர்ந்தால், முதலிற் செருகியைக் கழற்றுங்கள். உணர்வு நிற்கின்றதா என்று பாருங்கள். நின்றால் அடப்டரின் செருகியைக் கவனியுங்கள். மூன்று உலோக முனைகள் இருப்பின், நீட்டிப்புப் பலகையை நீக்கிவிட்டுச் சுவர்க் குதையில் நேரே இணைத்துப் பாருங்கள். சுணைப்பு மறைந்தால் குற்றம் பலகையில். மறையாவிட்டால் அடப்டரின் கம்பியிலோ, குதையிலோ, வீட்டின் புவித்தொடுப்பிலோ குற்றம் இருக்கலாம். மின்வேலை கற்றவரை அழைத்து அளந்து பார்ப்பியுங்கள். மண்ணுக்குள் இறக்கிய புவிக்கோல் காலப்போக்கில் அரித்துப்போவதுண்டு. கோடையில் மண் வறண்டால் அதன் பயன் குறைவதுமுண்டு.

செய்யத்தகாதவை சிலவும் உள. குதைக்குப் பொருந்தவில்லை என்று புவிமுனையை வெட்டியெறியாதீர்கள். புவித்துளைக்குள் பேனா மூடியைச் செருகி இருமுனைச் செருகியைத் திணிக்காதீர்கள். புவிக்கம்பியைத் தண்ணீர்க் குழாயிலோ யன்னற் கம்பியிலோ நொதுமலிலோ நீங்களாகவே கட்டாதீர்கள். ஒருவரின் குறையை வீடு முழுவதற்கும் பகிர்ந்தளிப்பதாகவே அது முடியும். மலிவென்று போலி அடப்டர்களை வாங்காதீர்கள். அவற்றினுள்ளே பாதுகாப்பான கொள்ளளவிக்குப் பதில் சாதாரணமானது இருக்கலாம், அது பழுதடைந்தால் இடையே தடை எதுவும் இராது. செருப்பணிந்தால் உணர்வு மறையும், குறை மறையாது.

எங்கள் கணினி அறையில் இப்பொழுது மூவிழைக் கம்பியுடன் கூடிய புதிய பலகைகள் உள்ளன. அவற்றைப் பொருத்திய அன்று, முதலில் முறையிட்ட அந்த மாணவியையே அழைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "இப்பொழுது ஒன்றுமில்லை, சேர்" என்றாள். அதன்பின், பிள்ளைகள் வந்து கூறும் சிறு முறைப்பாட்டையும் என் சொந்த ஊகத்தால் விளக்கித் திருப்பியனுப்புவதில்லை என்று எனக்குள் ஒரு விதி செய்துகொண்டேன். வீட்டில் உங்கள் பிள்ளை, "அம்மா, கறண்ட் அடிக்கிறது" என்று சொன்னால், நீங்களும் எழுந்து சென்று ஒரு முறை பாருங்கள்.